ஒருமை: பொன்முடிக்கும் மூணாறுக்கும் இடையே ஒரு கூலி வரலாறு

பொன்முடி மலையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவருக்குரிய நாட்கூலி 2015 அக்டோபரில் 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அந்த உயர்வு தோன்றிய இடம் பொன்முடி அன்று. வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மூணாறில், எந்தக் கட்சிக் கொடியும் இன்றிச் சாலையில் அமர்ந்த சில ஆயிரம் தமிழ்ப் பெண்களிடமிருந்து அது தொடங்கியது. கேரளத்தில் தோட்டக் கூலியைத் தோட்டந்தோறும் பேசி முடிப்பதில்லை. அரசு, முதலாளிகள், அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் அமரும் பிளாண்டேஷன் லேபர் கமிட்டி என்ற குழு மாநிலம் முழுமைக்குமாக அதை முடிவு செய்கிறது. ஆகவே ஒரு மலையில் எழுந்த எதிர்ப்பின் பயன் எல்லா மலைகளுக்கும் போய்ச் சேர்கிறது. அதே காரணத்தால், ஒரு மலையின் தொழிலாளி தன் கூலியைப் பற்றித் தானே பேசுவதற்கான இடம் அந்த அமைப்பில் மிகக் குறுகியதாகவும் இருக்கிறது.

மூணாறு நிகழ்வைப் பற்றி எழுதியோர் பலர் அதனை ஒரு போனஸ் தகராறாகவோ பெண்ணெழுச்சியாகவோ கண்டனர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. தங்களுக்காகப் பேசும் பொறுப்பை ஏறத்தாழ நூற்றாண்டுக் காலமாகப் பிறரிடம் ஒப்படைத்திருந்த ஒரு மக்கள் கூட்டம், அவ்வாறு ஏற்றவர்கள் மீது நம்பிக்கை இழந்த கணத்தில் அரசியலை விட்டு ஒதுங்கவில்லை. ஒப்படைத்ததைத் திரும்பக் கேட்டது. திரும்பப் பெற்றதைச் சுமப்பது எவ்வளவு கடினம் என்பதும் அடுத்த சில மாதங்களிலேயே அவர்களுக்குத் தெரிந்தது.

ஒப்படைப்பின் வரலாறு நெடியது. மெர்ச்சிஸ்டன், பிரேமோர் என்று ஸ்காட்லாந்து ஊர்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கும் பொன்முடிப் பகுதித் தோட்டங்களுக்கும், 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்கு எடுத்த கண்ணன் தேவன் மலைகளுக்கும் ஆட்கள் கீழிருந்து வந்தவர்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த குடும்பங்களைக் கங்காணிகள் முன்பணம் கொடுத்து மலையேற்றினர். முன்பணம் கடனாயிற்று, கடன் ஆளைக் கட்டிப்போட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிய பின் வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றம். திருவிதாங்கூரும் 1860களில் அதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியது. துரைக்கும் கூலிக்கும் இடையே பேசக்கூடிய ஒரே மனிதன் கங்காணி. பெயர்ப் பதிவு, கூலி, விடுப்பு, ஊர்த் தகவல் யாவும் அவன் வழியாகவே நடந்தன. அவன் கொடுமைக்காரனா நல்லவனா என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆனால் அவன் இன்றிக் கூலிக்குக் குரல் இல்லை என்பது அமைப்பின் விதியாக இருந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கங்காணியின் இடத்திற்கு இரு போட்டியாளர்கள் வந்தனர். ஒருவர் மொழியின் பெயரால் பேசினார். மற்றவர் வர்க்கத்தின் பெயரால் பேசினார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேவிகுளம், பீருமேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரியது. 1954இல் நேசமணி மூணாறில் தடையை மீறியதும் இதற்காகவே. மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் முன் இக்கோரிக்கை எப்படித் தோற்றது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அவ்வட்டங்களில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பகுதியினர் வந்துபோகும் தோட்டக் கூலிகள் என்றும், அவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு நிலத்தின் உரிமையை முடிவு செய்வதற்கில்லை என்றும் கருதியது. 1956 நவம்பரில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகம் சேர்ந்தன. மலைத் தோட்டங்கள் கேரளத்தில் நின்றன. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து இறந்தவர்களை ‘வந்துபோகிறவர்கள்’ என்று ஓர் ஆவணம் குறித்தது அவர்களிடம் கேட்டல்ல.

வர்க்கத்தின் பெயரால் வந்த வாக்குறுதி வலுவானது, பயனும் தந்தது. தொழிற்சங்கங்கள் இல்லாவிடில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மலைகளில் ஏட்டளவிலேயே நின்றிருக்கும். இன்று சங்கங்களை ஒட்டுமொத்தமாகப் பழிப்போர் இதை மறந்துவிடுகின்றனர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூசுக்காகப் பாவலர் வரதராசன் தமிழ்ப் பாட்டுகளுடன் மலையேறினார். கம்யூனிஸ்டு வேட்பாளர் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், அதே கட்சியின் ஆட்சியில், மூணாறுத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் பாப்பம்மாள், ஹசன் ராவுத்தர் என்ற இரு தொழிலாளர் இறந்தனர். வாக்களித்த மக்களுக்கும் வென்ற கட்சிக்கும் இடையே விழுந்த முதல் கீறல் இது. அந்தக் கீறலை இயக்கம் தியாகிகள் நினைவாக மாற்றிக்கொண்டது.

ஆழமான ஏமாற்றம் நிலத்தில் இருந்தது. இந்தியாவிலேயே முன்மாதிரி என்று பேசப்படும் கேரள நிலச்சீர்திருத்தம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. நெல்வயலில் குடியிருந்தவர் குடிகிடப்பு உரிமை பெற்றார். தேயிலையில் குடியிருந்தவர் எதுவும் பெறவில்லை. லயத்தின் ஒற்றை அறை வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஓய்வு பெற்றவர் மகனையோ மருமகளையோ தோட்ட வேலையில் சேர்த்துவிட்டால்தான் அதே கூரையின் கீழ் இருக்க இயலும். ஒரு தலைமுறையின் உறைவிடம் அடுத்த தலைமுறையின் உழைப்பை ஈடாகக் கேட்கும் இந்த ஏற்பாடு, கங்காணியின் முன்பணத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியது என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் ஆராயலாம். சங்கங்கள் கூலிக்குப் பேசின, போனசுக்குப் பேசின. நிலத்தைப் பற்றிப் பேசியது குறைவு.

2005இல் இன்னொரு வாக்குறுதி வந்தது. டாட்டா டீ மூணாறுத் தோட்டங்களின் நேரடி நிர்வாகத்திலிருந்து விலக, கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதிய நிறுவனம் உருவாயிற்று. தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதன் பங்குதாரர் ஆக்கப்பட்டனர். மேலாண்மைக் கல்வி நிலையங்கள் இதை ஒரு புதுமையாகப் பேசின. கொழுந்து எடுக்கும் பெண் காகிதத்தில் உடைமையாளர். காலையில் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது கூலி. சங்கச் சந்தா அவள் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. அவளுக்காகப் பேசுவோரின் எண்ணிக்கை இப்போது மூன்றாகிவிட்டது: சங்கம், கட்சி, அவளையே உடைமையாளர் என்று அழைக்கும் நிறுவனம்.

2015 செப்டம்பர் முதல் வாரத்தில் இந்த அடுக்கு சரிந்தது. முந்தைய ஆண்டு கிடைத்ததில் ஏறத்தாழப் பாதியாக, 10 சதவீத போனஸ் என்று நிர்வாகம் அறிவித்தது. சங்கங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்ற எண்ணம் லயங்களில் பரவியது. பெண்கள் வேலைக்குப் போகாமல் மூணாறு நகருக்கு இறங்கினர். நிறுவன அலுவலகத்தின் முன்னும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையிலும் அமர்ந்தனர். ஐயாயிரம் பேர் வரை இருந்தனர் என்று அன்றைய செய்திகள் கூறின. ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு. ஆகிய மூன்று சங்கங்களின் தலைவர்களுக்கும் அங்கே இடமில்லை என்றனர். தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினரும் சி.ஐ.டி.யு. தலைவருமான எஸ். இராஜேந்திரன் ஆதரவு சொல்ல வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பினர். கூடை சுமப்பது தாங்கள், பணப்பை சுமப்பது தலைவர்கள் என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய தமிழ் முழக்கம் மலையாளத் தொலைக்காட்சிகளில் மொழிபெயர்ப்பின்றியே புரிந்தது. தலைவர்கள் நிறுவனத்திடம் வீடும் சலுகைகளும் பெற்றனர் என்ற குற்றச்சாட்டைத் தலைவர்கள் மறுத்தனர். எவ்வளவு உண்மை என்பதைவிட, ஆயிரக்கணக்கானோர் அதை ஐயமின்றி நம்பும் நிலை எப்படி வந்தது என்பதே வரலாற்றுக்குரிய வினா.

ஆண்களையும் அவர்கள் விலக்கி வைத்தனர். ஆண்கள் வந்தால் மதுவால் வாங்கப்படுவர், இல்லையேல் கைகலப்பில் இறங்கிப் போலீசுக்குக் காரணம் கொடுப்பர் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். கணவர்களைப் பற்றிய இந்தக் கணிப்பு கடுமையானது. ஆனால் உள்ளிருந்து பிறந்தது. கொழுந்து எடுப்போரில் பெரும்பான்மையினர் பெண்கள். சங்கங்களின் மேல்நிலையிலோ அவர்கள் அரிது. பணியிடத்தின் எண்ணிக்கைக்கும் பேச்சுமேசையின் எண்ணிக்கைக்கும் இருந்த இந்த இடைவெளி ஐம்பது ஆண்டுகளாகக் கண்முன்னே இருந்தது. அதைக் கண்டு எழுதிய ஆய்வாளரும் குறைவே.

‘அரசியலற்ற எழுச்சி’ என்று சில செய்தியாளர் இதைப் பாராட்டினர். தமிழ்த் தீவிர அமைப்புகளின் தூண்டுதல் என்று சங்கத் தரப்பில் சிலர் சாடினர். பாராட்டும் சாடலும் ஒரே அனுமானத்தில் நின்றன: கொழுந்து எடுக்கும் பெண் தானாக ஓர் அரசியல் முடிவு எடுக்க முடியாது. நிகழ்ந்தவை வேறு சொல்கின்றன. வந்த அரசியல்வாதிகளை அவர்கள் தரம் பிரித்தனர். 91 வயதில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்து உடன் அமர்ந்தபோது வரவேற்றனர். அவரும் இராஜேந்திரனும் ஒரே கட்சி. ஆகவே வெறுப்பு கட்சி என்ற பொருளின் மீது அன்று, தம் பெயரால் கணக்கு முடித்தவர்கள் மீது. இந்த வேறுபாட்டைக் காணும் திறனையே அரசியல் அறிவு என்கிறோம்.

செப்டம்பர் 13ஆம் நாள் கொச்சியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் பெண்களின் பிரதிநிதிகளுடனேயே பேச்சு நடந்தது. 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீத கருணைத்தொகை, ஆக 20 சதவீதம். ஒன்பது நாள் போராட்டம் முடிந்தது. தொகை இரு கூறாகப் பிரிக்கப்பட்டதில் ஒரு நுட்பம் உண்டு. 8.33 என்பது போனஸ் சட்டத்தின் குறைந்தபட்ச அளவு. மீதியை உரிமை என்று ஏற்காமல் கருணை என்று பெயரிட்டு, நிர்வாகம் தன் கொள்கையைக் காப்பாற்றிக்கொண்டது. பெண்கள் தொகையைப் பெற்றனர். பெயரைப் பற்றி அன்று எவரும் வாதாடியதாகத் தெரியவில்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில், சீர்கெடும் அமைப்பின் முன் மனிதருக்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் என்ற இரு வழிகளைக் காட்டி, விசுவாசம் அவற்றின் இடையே எவ்வாறு செயல்படுகிறது என்று ஆராய்ந்தார். மூணாறுப் பெண்களுக்கு வேலையிலிருந்து வெளியேற வழியில்லை; வெளியேறினால் கூரை போகும். சங்கத்துக்குள் குரலெழுப்ப இடமில்லை. அவர்கள் தேர்ந்தது மூன்றாவது வழி: வேலையில் நின்றுகொண்டே தங்கள் பிரதிநிதிகளிடமிருந்து வெளியேறினர். ஹிர்ஷ்மனின் வகைப்பாட்டுக்கு இது எளிதில் அடங்காது. பிரதிநிதித்துவத்தை உழைப்பாளியின் நுகர்பொருளாகக் கொள்ளாமல், அவருடைய உடைமையாகக் கொண்டால்தான் இச்செயல் விளங்கும்.

அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயரும் இங்கே உதவுகிறது. ‘பெம்பிளை ஒருமை’ என்பதில் முதற்சொல் மலைத்தமிழின் பேச்சுவழக்கு. நகரத்து நாகரிகம் சற்றே கூசும் சொல் அது. அவர்கள் ‘மகளிர்’ என்றோ ‘பெண்கள்’ என்றோ மாற்றிக்கொள்ளவில்லை. ‘ஒருமை’ தமிழில் ஒற்றுமையையும் குறிக்கும். இலக்கணத்தில் பன்மைக்கு எதிரான எண்ணையும் குறிக்கும். பெயரிட்டவர்கள் முதற்பொருளையே எண்ணியிருப்பர். இரண்டாம் பொருளும் பொருந்துவது தற்செயல்தான், ஆனால் பயனுள்ள தற்செயல். சங்கத்தின் பேரேட்டில் பன்மையாக மட்டும் இருந்தவள், சாலையில் அமர்ந்த ஒன்பது நாளில் தன்மை ஒருமையில் பேசினாள்.

அதன்பின் வந்த மாதங்கள் வேறு வகை. போனஸை ஒரு நிறுவனத்துடன் பேசலாம். கூலியை மாநிலக் குழுவில்தான் பேச வேண்டும். அங்கே நாற்காலி அங்கீகரிக்கப்பட்ட சங்கங்களுக்கே. 500 ரூபாய் கூலி என்ற கோரிக்கையுடன் செப்டம்பர் இறுதியில் இரண்டாம் போராட்டம் தொடங்கியபோது, புறந்தள்ளப்பட்ட சங்கங்களும் அதே கோரிக்கையுடன் களமிறங்கின. பெம்பிளை ஒருமையின் எதிர்ப்புதான் சங்கங்களை விழிக்கச் செய்தது. விழித்த சங்கங்களே மேசையில் அமர்ந்தன. அக்டோபர் நடுவில் தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330, ரப்பருக்கு 381 ரூபாய் என முடிவாயிற்று. எழுச்சியின் பயனை எழுச்சிக்கு உள்ளானவர்களே பெற்றுத் தந்தனர். 500 கேட்டு 301 வாங்கியதைத் தோல்வி என்போர் உண்டு. 69 ரூபாய் உயர்வை, ஒரு நாளில் 21 கிலோ கொழுந்து எடுத்தால்தான் கூலி முழுமை பெறும் ஒருவரின் கணக்கில் வைத்துப் பார்க்கும்போது அத்தீர்ப்பு அவசரமானதாகவே படுகிறது.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல். கோமதி தேவிகுளம் ஒன்றியப் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிளவும் அதே வேகத்தில் வந்தது. லிசி சன்னிக்கும் கோமதிக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. கோமதி சிலகாலம் சி.ஐ.டி.யு.வில் சேர்ந்து, பின் விலகினார். 2016 மே சட்டமன்றத் தேர்தலில் தேவிகுளத்தில் இயக்கத்தின் சார்பில் நின்றவர் மிகச் சொற்ப வாக்குகளே பெற்றார். வென்றவர் எஸ். இராஜேந்திரன், எட்டு மாதங்களுக்கு முன் சாலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அதே மனிதர்.

இந்த முடிவை வைத்துக்கொண்டு, தானாக எழுந்த இயக்கம் தானாக அடங்கும் என்ற பழைய பாடத்தைச் சொல்வது எளிது. ஆனால் வாக்காளர் செய்ததைச் சற்றே நின்று பார்க்கலாம். கூலித் தகராறில் தங்களையே நம்பியவர்கள், சாலையும் ரேஷனும் சான்றிதழும் பெறுவதற்கு ஆளுங்கட்சியாகக் கூடிய ஒன்றின் மனிதரைத் தேர்ந்தனர். இது முரண் எனில், லயத்தில் வாழ்வோரின் அன்றாடமே அம்முரணால் ஆனது. ஒருமையின் தலைவியருக்கு நேர்ந்த இன்னலும் இயல்பானதே. சங்கத் தலைவருக்குச் சம்பளமும் அலுவலகமும் வழக்கறிஞரும் கட்சியும் இருந்தனர். இவர்கள் பகலில் கொழுந்து எடுத்து, மாலையில் சமைத்து, இரவில் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. பொறுப்பைத் திரும்பப் பெற்றவருக்கு அதைச் சுமக்கும் நேரம் எங்கிருந்து வரும் என்பதை அரசியல் கோட்பாடு போதுமான அளவு கேட்டதில்லை. பிளவுக்குத் தலைவியரின் குணத்தைக் காரணம் காட்டும் எழுத்துகள் இந்த வினாவைத் தவிர்ப்பதற்கான வழிகளாகவே தோன்றுகின்றன.

கடலுக்கு அப்பாலும் இதன் சாயலைக் காணலாம். இலங்கை மலையகத்தில் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சங்கங்கள் மீது நம்பிக்கை தளர்ந்தபோது, 2018 அக்டோபரில் ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் கோரி மலையக இளைஞர் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் திரண்டனர். அங்கே திரண்டவர்களில் பலர் தோட்டத்தை விட்டு நகரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். மூணாறில் அமர்ந்தவர்கள் தோட்டத்திலேயே நிற்கும் தாய்மார். இவ்வேறுபாடு தனி ஆய்வுக்குரியது.

பொன்முடிப் பகுதிக்கு 301 ரூபாய் எப்படி வந்து சேர்ந்தது என்பதும் ஒரே சீரானதன்று. மலையடிவாரத்து விதுர பஞ்சாயத்தில் உள்ள போனக்காடு தோட்டத்தில் நிர்வாகம் கைவிட்டுச் சென்றதால், கூலி உயர்வுக்கு முன்பே கூலியே நின்றிருந்தது. சம்பள நிலுவை, பணிக்கொடை நிலுவை, இடிந்து விழும் லயங்கள் என்ற நிலையில் இருந்த குடும்பங்களுக்குப் புதிய கூலி விகிதம் ஓர் அரசாணையின் எண் மட்டுமே. எதிர்த்து அமர்வதற்கு மூணாறில் ஓர் அலுவலக வாசல் இருந்தது. போனக்காட்டில் பூட்டிய தொழிற்சாலைதான் இருந்தது. மூணாறுப் போராட்டத்தின் விளைவாக நியமிக்கப்பட்ட நீதிபதி கிருஷ்ணன் நாயர் ஆணையம் தோட்டத் துறை முழுவதையும் ஆராய்ந்து 2016இல் அறிக்கை அளித்தது. வாசல் இல்லாத தோட்டங்களுக்கு மூணாறு தந்த பயன்களில் அதுவும் ஒன்று.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் வந்தபோது கோமதி சாலையில் அமர்ந்தார். இம்முறை ஐயாயிரம் பேர் உடன் இல்லை. போனஸையோ கூலியையோ அவர் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு நிலமும் வீடும் கேட்டார். 1970இல் சங்கங்கள் கேட்கத் தவறிய கோரிக்கை அது. போலீசார் அவரை அப்புறப்படுத்தினர். பின்னர், உயிர்பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குட்டியார் பள்ளத்தாக்கில் வீடுகள் கட்டித் தரப்பட்டன. ஏனைய லயங்களில் குடியிருப்பு உரிமை இன்றும் வேலைப் பதிவேட்டைச் சார்ந்தே இருக்கிறது.